மலை இல்லாத ஊரில் உயரமான மோட்டார் சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டுவிட்டால் ஆறும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, விளம்பரத்தில் பனிமலைக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் படம் எடுக்கிற 'அட்வென்ச்சர் ரூறிங்' மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கினால் சனம் சும்மா விடுமா? பக்கத்து வீட்டு ஐயா படலையில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, உதிலை ஏற ஏணியும் சேர்த்துத் தந்தவங்களோ?" என்றார். சின்னம்மாவுக்கு உந்தக் காசுக்கு ஒரு பழைய ஓட்டோ எடுத்து வாடகைக்கு விட்டிருக்கலாமே என்ற கவலை. என்னோடு வேலை செய்கிற பொடியன் மட்டும் ஆசையாய்ச் சுற்றிப் பார்த்தான், "எத்தினை சிசி அண்ணை?" என்று கேட்டான், 200 என்றதும் அவனுடைய முகமும் விழுந்துவிட்டது.

எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். இதைத் தூரம் போக வாங்கவில்லை. கிட்டத்தில் இருக்கிற கெட்ட வழிகளுக்காக வாங்கினேன்.

என் தொழில் நில அளவை. தீவுப்பகுதி, வடமராட்சி கிழக்கு, தென்மராட்சியின் உள் ஒழுங்கைகள் என்று கிழமையில் பாதி நாள் ஓட்டம். காணிக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், பங்காளி ஒருவர் இங்கே இருப்பார், எல்லைக் கல்லை நாயுண்ணிப் பற்றை மூடியிருக்கும். தார் வீதி முடிகிற இடத்தில்தான் பெரும்பாலும் என் வேலை தொடங்கும். சாதாரண 125 ஒன்றில் வருடக்கணக்காக இந்த வழிகளில் ஓடினேன். அந்த வண்டியில் எந்தக் குறையும் இல்லை, அது செய்யப்பட்டது தார் வீதிக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு கிடங்கும் நேரே முள்ளந்தண்டுக்கு வந்து சேரும்.

இந்த உயரமான வண்டிகளின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1980இல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த ஆர்80 ஜி/எஸ்தான் இந்த இனத்துக்கு மூத்தது என்று வழமையாகச் சொல்வார்கள். வீதியிலும் ஓடும், வீதி இல்லாத இடத்திலும் ஓடும் என்பது பேச்சு. அடுத்த வருடமே, சகாராப் பாலைவனத்தைக் கடக்கிற 1981 பாரிஸ்–டக்கார் ஓட்டத்தில் யூபேர் ஓரியோல் அதில் ஓடி வென்றார், பேச்சு உண்மையாகிவிட்டது. பிறகு இந்த இனம் கொழுத்துக்கொண்டே போனது. இன்றைய வாரிசான ஆர்1300 ஜிஎஸ் 237 கிலோ. புங்குடுதீவில் ஒரு பற்றைக்குள் அது சாய்ந்தால் தூக்க நாலு பேர் வேணும், அந்த நாலு பேருக்கு அங்கே எங்கே போவது? எங்களுக்குத் தோதான அளவுக்கு இந்தியாவில் சின்ன வடிவங்கள் வரத் தொடங்கியது வெகு பிந்தித்தான். ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 2016இல் 411 சிசியோடு வந்தது, சென்னைக்குப் பக்கத்தில் செய்கிறார்கள். பி.எம்.டபிள்யூவின் ஜி310 ஜிஎஸ் ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பனிமலைப் படத்தோடு விற்றாலும் இரண்டும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

நான் எடுத்ததன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கதை இந்தக் கொம்பனிக்கும் அந்தக் கொம்பனிக்கும் இடையிலான சண்டையாகிவிடும். 200 சிசி, ஒற்றைச் சிலிண்டர், 160 கிலோவை ஒட்டிய பாரம், முன்னுக்கு 21 அங்குலக் கம்பிச் சில்லு, பின்னுக்கு 18. இவ்வளவும் போதும்.

ஏன் 400 எடுக்கவில்லை என்று கேட்பவர்களிடம் ஒரு சின்னக் கணக்குச் சொல்வேன். இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஏறவே முடியாது. மற்ற வீதிகளில் ஊர்மனைக்குள் 50, வெளியே 70. ஆக, இந்த நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் சட்டப்படி ஓடக்கூடிய ஆகக்கூடிய வேகம் 70தான், அதையும் தாண்டி ஓடலாமே என்று நினைப்பவரை ஏ9 வீதியில் ஒரு மர நிழலில் வேகமானியோடு பொலிஸ் காத்துக்கொண்டு நிற்கும். புதிய ஹிமாலயன் 452 சிசி, 40 குதிரைவலு, 196 கிலோ. நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குதிரைகளில் பாதிக்குமேல் பட்டியிலேயே நிற்கும், மேலதிகமான 36 கிலோ மட்டும் ஒவ்வொரு ஒழுங்கை முடக்கிலும் கூடவே வரும். எனக்கு வேண்டியிருந்தது அதிர்வை வாங்குகிற ஷொக்கும் பெரிய சில்லும். முன் ஷொக் 190 மில்லிமீற்றர் இறங்கி ஏறுகிறது; சாதாரண 125களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே பெரிய விஷயம். பெரிய சில்லு கிடங்கின் விளிம்பைச் சரிவாகத் தொடுவதால் விழுந்து எழும்பாமல் உருண்டு கடக்கும். 17 அங்குலச் சில்லு முழுதாய் உள்ளே இறங்கி அடிபடுகிற கிடங்கை 21 அங்குலம் அவ்வளவு இறங்காமல் தாண்டிவிடும்.

வாங்கினது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, காத்திருந்ததுதான் அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தொட்டுவிட்டு வந்தது. திறந்த பிறகு கடைக்குள் போய் விலைப்பட்டியலைக் கையில் வாங்கினால், பழைய விலை நினைவில் இருக்கிற எவனுக்கும் நெஞ்சை அடைக்கும். ஐந்து வருடம் பாவித்த வண்டியை வாங்கின விலையைவிடக் கூடச் சொல்லி விற்றார்கள், அதற்கும் ஆள் நின்றது. புதிதா பழையதா என்று மண்டையை உடைத்ததில் புதிதுக்குச் சாய்ந்ததன் காரணம் ஒன்றே: உயரமான வண்டியை யாராவது விற்கிறார் என்றால் அவர் அதை எங்கே கொண்டுபோய் அடித்தார் என்று சொல்லமாட்டார்.

லைசென்ஸ் விஷயம் ஒன்று, தெரியாதவர்களுக்காக. ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். 200ஐ ஓட்ட ஏ வகுப்பு வேணும். ஸ்கூட்டியில் பழகி ஏ1 மட்டும் எடுத்து வைத்திருக்கிற ஆட்கள் கடைக்குப் போக முன்னம் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

பெற்றோல் செலவைப் பற்றி அப்பா கேட்டார். அவர் கேட்டால் அதற்குப் பின்னால் வரலாறு இருக்கும். 1990இல் மறுபடி சண்டை தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றபோது, அவர் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். ஊரே அப்படித்தான் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினுக்குள் ஆவியாகாது. ஆகவே சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து, ஸ்ரார்ட் ஆகிச் சூடேறின பிறகு மண்ணெண்ணெயில் விடுவது. புகையும் மணமும் ஒழுங்கை முழுக்க நிற்கும். என் வண்டியில் காபரேற்றரும் இல்லை, உதைக்கிற கிக்கரும் இல்லை. பெற்றோலை அடிக்கிற பம்ப் ராங்குக்குள்ளே கிடக்கிறது, பற்றரி செத்தால் அதுவும் சாகும். இதைக் கேட்டதும் அப்பா, "அப்ப உது சண்டைக்குச் சரிவராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் தந்த காலத்தை நினைத்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இது லீற்றருக்கு 35க்கும் 40க்கும் இடையில் ஓடுகிறது. 13 லீற்றர் ராங்கை நிரப்பினால் கொழும்பு வரைக்கும், ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஒரு பெற்றோல் செற்றுக்கும் போகாமல் ஓடிவிடலாம் என்று கணக்கு வரும். அந்தக் கணக்கை நம்பி ஓட மனம் வராது, அது வேறு.

சரி, வீட்டுக்கு வருவோம். அம்மாவுக்கு இந்தச் சீற்றில் ஏற முடியாது, நிலத்தில் இருந்து 82 சென்ரிமீற்றருக்கு மேல். சேலையோடு ஒரு பக்கமாக இருக்கிற ஆள். முதல் நாளே தன்பாட்டில் வழி கண்டுபிடித்துவிட்டா. நான் வண்டியை விறாந்தைக் குந்தோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்த வேணும், அவ குந்தில் ஏறி நின்று அப்படியே இருந்துவிடுவா. கோயிலடியில் இறங்குவதற்குத் தேர்முட்டிப் படி. இந்த இரண்டு இடத்தையும் தவிர வேறெங்கும் இடைவழியில் நிறுத்தக் கூடாது என்பது ஒப்பந்தம். இவ்வளவு கரைச்சலுக்குப் பிறகும் ஸ்கூட்டிக்காரியான தங்கச்சியோடு போகாமல் என்னோடு வருவது ஏன் என்று கேட்டேன். "உதிலை இருந்தா மதிலுக்கு மேலாலை எல்லாற்றை வளவும் தெரியுது" என்றா. உண்மைதான். எங்கள் ஒழுங்கைகளில் கிடுகு வேலி போய் மதில் வந்த பிறகு அடைபட்டுப் போன காட்சிகள் எல்லாம் அம்மாவுக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன. யார் வீட்டில் மா பூத்திருக்கிறது, யார் கிணற்றடியில் புதுத் தொட்டி கட்டுகிறார்கள் என்று வழி நெடுகச் செய்தி வாசிப்பு.

குச்சொழுங்கைக்குள் திருப்புவதுதான் இதன் உண்மையான சோதனை. பெரிய முன் சில்லு, நீண்ட உடம்பு, ஹான்டில் அகலம். எதிரே தண்ணி பவுசர் வந்தால் காலால் உதைத்துப் பின்னுக்கு எடுக்க வேணும், கால் முழுதாய் ஊன்றாத ஆளுக்கு அது பெரும்பாடு. நான் சராசரி உயரம், இரண்டு நுனிக்காலும் படும், ஒரு பக்கம் சரித்தால் ஒரு கால் முழுதாய் ஊன்றும், பழகினால் காணும். பங்குனி சித்திரை வெயிலில் கஸ்தூரியார் வீதி நெரிசலுக்குள் நின்றால் இஞ்சினின் சூடு தொடையில் ஏறும், அந்த நேரம் 125ஐ நினைத்துக்கொள்வேன்.

தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்றைப் பற்றி எந்தப் பரீட்சார்த்த ஓட்டக்காரரும் சொல்லித் தரமாட்டார். வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் பண்ணைப் பாலத்திலோ, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான வாணர் பாலத்திலோ, சங்குப்பிட்டியிலோ ஏறினால், இரண்டு பக்கமும் கடல், மறைப்பதற்கு ஒரு பனைகூட இல்லை, காற்று பக்கவாட்டில் வந்து தள்ளும். உயரமான வண்டி, பின்னால் பெட்டி, அதற்குமேல் அளவைக் கருவியின் முக்காலி வேறு. நேரே போவதற்கே காற்றின் பக்கம் சரிந்து ஓட வேணும். எதிரே பஸ் வந்து கடக்கிற அந்தக் கணத்தில் காற்று நின்றுவிடும், சரிந்திருந்த வண்டி பஸ்ஸின் பக்கம் இழுபடும், பஸ் கடந்ததும் மறுபடி தள்ளும். இதற்கு ஒரே மருந்து பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, முக்காலியைக் குறுக்காகக் கட்டாமல் நீளவாக்கில் சீற்றோடு படுக்க வைத்துக் கட்டுவது. காரைநகரில் இருந்து ஊர்காவற்றுறைக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏற்றிக் கடக்கிறபோதும் இதே கதைதான். ஸ்ராண்டில் விட்டுவிட்டுப் போய்க் கதைத்துக்கொண்டு நிற்க முடியாது, பிடித்துக்கொண்டு நிற்க வேணும்.

உப்பு அடுத்தது. கம்பிச் சில்லு பார்க்க வடிவு, கிடங்கில் அடிபட்டால் அலோய்ச் சில்லு வெடிக்கிற இடத்தில் இது வளைந்து கொடுக்கும், தட்டி நிமிர்த்தலாம். ஆனால் ஒவ்வொரு கம்பியும் றிம்மோடு பொருந்துகிற இடத்தில் ஒரு சின்ன முடிச்சு இருக்கும், கடற்காற்று முதலில் போய்க் குடியேறுவது அங்கேதான். தீவுக்குப் போய்வந்த அன்றே கழுவ வேணும். எதால் கழுவுவது? எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது, காயவிட்டால் ராங் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆகவே கழுவின கையோடு பழைய சாரம் ஒன்றால் ஒட்டத் துடைத்துவிட வேணும். மாரியில் பீப்பாவில் பிடித்து வைக்கிற மழைத்தண்ணி இதற்கென்றே வந்த வரம்.

செயின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேணும், ஏனென்றால் இதை எந்தக் கராஜிலும் நான் இல்லாமல் செய்ய விடுவதில்லை. நீளமான ஷொக் உள்ள வண்டியில் செயின் சும்மா நிற்கும்போது தொய்ந்துதான் தெரியும். செயின் ஓடுகிற பற்சில்லான முன் ஸ்புரொக்கட்டின் நடு, பின் சில்லைத் தாங்குகிற ஸ்விங் ஆம் பூட்டியிருக்கிற ஆணி, பின் சில்லின் அச்சு இந்த மூன்றும் ஒரே கோட்டில் வருகிறபோதுதான் செயினுக்கு ஆகக்கூடிய இழுவை. ஆள் இருந்து, பாரம் ஏறி, பின்பக்கம் அமுங்கும்போது அந்த நிலை வரும். நிற்கிறபோது தொய்வைக் கண்டவுடன் 125க்கு இறுக்குகிற மாதிரி இறுக்கிவிட்டால், ஓட்டத்தில் கிடங்கில் விழுந்து அமுங்கும்போது செயின் இழுக்க இடமில்லாமல் கியர்ப் பெட்டியின் பெயரிங்கைப் பிடித்து இழுக்கும். கராஜ்காரர்கள் கெட்டிக்காரர்கள், கண்ணால் பார்த்தே இறுக்குகிற பழக்கம், அந்தக் கண் பழகினது வேறு வகை வண்டியில். நான் செய்வது இது: தம்பியை அழைத்துச் சீற்றில் இருத்தி, அவனோடு சேர்த்து இன்னொருவரைப் பின்னுக்கு அமத்தச் சொல்லிவிட்டு, அந்த நிலையில் செயினை விரலால் தூக்கிப் பார்ப்பேன். அப்போதும் கொஞ்சம் ஆட வேணும். ஆடாவிட்டால் இறுக்கம் கூட.

வண்டிக்கு நடு ஸ்ராண்டும் கிடையாது, பக்க ஸ்ராண்ட் மட்டுமே. செயினுக்கு எண்ணெய் விட பின் சில்லைச் சுற்ற வேணுமே? பனங்குத்தி ஒன்றை அளவாய் வெட்டி வைத்திருக்கிறேன். வண்டியைப் பக்க ஸ்ராண்டின் பக்கம் இன்னும் சரித்தால் பின் சில்லு கிளம்பும், அந்த நேரம் மற்றப் பக்கத்தில் ஸ்விங் ஆமுக்குக் கீழே குத்தியைக் காலால் தள்ளிவிட்டால் சில்லு நிலத்தில் இருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்கும். 90ஆம் நம்பர் கியர் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுவேன். வழிய வழிய விட்டால் வடமராட்சி கிழக்கு மணல் முழுக்க அதில் ஒட்டி, அரம் போட்டு ராவின மாதிரி ஸ்புரொக்கட்டைத் தின்றுவிடும்.

மணல் என்றதும் மருதங்கேணிப் பக்கம் நினைவுக்கு வருகிறது. அங்கே கரைவலை இழுக்க உழவு இயந்திரம் பாவிக்கிறார்கள், கடற்கரை வழிகளில் அதன் சில்லுத் தடம் முழங்கால் ஆழத்துக்கு விழுந்து கிடக்கும். முன் சில்லு தடத்துக்குள் இறங்கிவிட்டால் திருப்ப நினைக்கக் கூடாது, எழும்பி நின்று, முழங்காலால் ராங்கைப் பிடித்துக்கொண்டு, கியரைக் குறைத்து, தடம் போகிற போக்கில் போய் அது ஆழம் குறைகிற இடத்தில் வெளியே வர வேணும். ரயரில் காற்றையும் குறைத்துவிட்டால் மணலில் மிதக்கும். அப்படிக் குறைத்து ஓடின ஒரு நாள் பின் ரியூப் போய்விட்டது. கம்பி பூட்டுகிற துவாரங்கள் றிம்மைத் துளைத்துக்கொண்டு போவதால் இந்தச் சில்லுகளுக்கு ரியூப் வேணும். ரியூப்லெஸ் மாதிரி வெளியாலேயே ஆணியைப் பிடுங்கிவிட்டுத் திரி குத்துகிற வேலை நடக்காது, சில்லைக் கழற்றத்தான் வேணும்.

பனை ஒன்றின் கீழே கழற்றிக்கொண்டு இருந்தபோது மீன் வாடியில் இருந்து ஒரு சம்மாட்டி ஐயா, கரைவலை முதலாளி, வந்து பக்கத்தில் குந்தினார். பையில் இருந்து நான் எடுத்த ரியூப் முன் சில்லுக்கு உரிய 21 அங்குலம். "உது பெரிசெல்லே தம்பி, உதுக்கை எப்பிடிப் போகும்?" என்று கேட்டார். போகும். 21 அங்குல ரியூப்பைக் கொஞ்சம் மடித்து 18க்குள் ஓட்டிவிடலாம், வீடு போய்ச் சேரும் வரைக்கும் நிற்கும். 18ஐ 21க்குள் இழுத்தால் மெலிந்து வெடித்துவிடும். அதனால்தான் ஒரேயொரு ரியூப் கொண்டுபோவதென்றால் பெரியதைக் கொண்டுபோவது. அவர் நம்பவில்லை. ஆனாலும் வாடிக்குள் போய்ச் சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவந்து, பொடியன் ஒருவனையும் கூப்பிட்டு மாறி மாறி அடித்துத் தந்தார். ஸ்ரார்ட் பண்ணி ஒரு வட்டம் ஓடிக் காட்டின பிறகும், "வீட்டை போய்ச் சேர்ந்தோடனை ஒரு கோல் எடுத்துச் சொல்லும்" என்றார். எடுத்துச் சொன்னேன்.

தூர ஓட்டத்தைக் கேட்பீர்கள். போனேன், நுவரெலியா வரைக்கும். ஏ9 நேர்கோடு, சலிப்பு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய், மதவாச்சி தாண்டினதும் கொஞ்சம் பச்சை. ஏற்றத்தில் 200 சிசி மூன்றாம் கியரில் முக்கியது, 1,800 மீற்றருக்கு மேல் காற்றும் மெல்லியது. பாதகமில்லை, ஏறியது. சீற் மட்டும் வவுனியாவிலேயே பலகையாகிவிட்டது.

உதிரிப்பாகம்தான் இனி வாங்குகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய சங்கதி. கடைக்காரரிடம் குதிரைவலுவைக் கேட்காமல் கிளட்ச் கேபிள், பிறேக் பாட், 21 அங்குல ரியூப், காற்று வடிகட்டி இந்த நாலும் இண்டைக்கு இப்ப எடுத்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். 'ஓடர் பண்ணித் தாறம்' என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள், முகத்தைப் பார்த்தால் விளங்கும். நான் அப்படிக் கேட்டு ஒரு கடையை விட்டு வெளியே வந்துதான் இந்த வண்டியை எடுத்தேன். அப்படியும் பின் ரயர் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. 18 அங்குலத்தில் பாதி தாருக்கும் பாதி மணலுக்குமான பூ வைத்த ரயர் கொழும்பில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், இரவு பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள், இரண்டு கிழமையாகச் சொல்கிறார்கள். அதுவரைக்கும் மணற்காட்டுப் பக்கம் காணி அளக்க யாராவது கூப்பிட்டால் ஒரு மழை விழட்டும் பாப்பம் என்று தள்ளிப்போடுகிறேன். ஈர மணல் இறுகி நிற்கும், தேய்ந்த ரயரும் அதில் ஓடும்.